பர்ரோவுக்கு முன்னால் நிற்கும் நடுவரிசை: பெங்கால்ஸ் நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இல் ஆடும் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் உரிமையாளர் மைக் பிரவுன், வீரர் தேர்வுப் பொறுப்பாளர் டியூக் டோபின், தலைமைப் பயிற்சியாளர் சாக் டெய்லர் ஆகியோருக்கு வணக்கம்.

உங்கள் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜோ பர்ரோவின் 2024 ஆட்டத்தை வைத்து நீங்கள் தப்புக் கணக்குப் போட்டுவிட்டீர்கள் என்பது எங்கள் எண்ணம். 2023 நவம்பரில் எறியும் கையின் மணிக்கட்டில் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், அடுத்த பருவத்தில் 17 ஆட்டங்களிலும் இறங்கினார். எறிந்து சேர்த்தது 4,918 யார்டு; டச் டவுன் (எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளி எடுப்பது) 43; இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பந்து) 9. யார்டிலும் டச் டவுனிலும் லீக்கிலேயே முதலிடம். மீண்டு வந்த வீரருக்கான விருதும் இரண்டாம் முறையாகக் கிடைத்தது. அணியோ 9 வெற்றி, 8 தோல்வி; பிளே ஆஃப் என்னும் இறுதிக் கட்டச் சுற்றுக்குள் நுழையவில்லை.

அந்த யார்டுகளுக்காக அவர் 652 முறை எறிந்திருக்கிறார். தற்காப்பு ஓட்டை என்பதால் எறிந்தே தீர வேண்டிய நிலை. வாஷிங்டனிடம் 38-33, பால்டிமோரிடம் 41-38, மறுபடி 35-34, பிட்ஸ்பர்கிடம் 44-38: 33 புள்ளிக்குக் குறையாமல் எடுத்தும் நான்கு தோல்வி. தற்காப்புப் பயிற்சியாளரை மாற்றினீர்கள், சரி. அதே பருவத்தில் பர்ரோ 48 முறை சாக் (பந்தை எறியுமுன் வீழ்த்தப்படுவது) ஆனதற்கு என்ன செய்தீர்கள்?

மறிப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கும் டேக்கிள் தோற்றால் குவாட்டர்பேக் ஓரடி முன்னேறி பாக்கெட்டுக்குள் (மறிப்பவர்கள் அமைக்கும் வளையத்துக்குள்) நுழைந்து தப்பலாம். நடுவரிசையில் சென்டருக்கு (பந்தைக் குவாட்டர்பேக்கிடம் தருபவர்) இரு பக்கமும் நிற்கும் கார்டு தோற்றால் அந்த ஓரடிக்கே இடமில்லை. முன்கால் ஊன்றாது, இடுப்பு திரும்பாது, கை மட்டும் தனியாக இழுக்கும். ஆழமான பந்து தூரம் போதாமல் விழும். தைத்த மணிக்கட்டுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. ஓரத்துக்கு நீங்கள் கஞ்சத்தனம் பார்க்கவில்லை: 2023-இல் ஒர்லாண்டோ பிரவுன், 2024 டிராஃப்டின் (புது வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது) முதல் சுற்றில் அமாரியஸ் மிம்ஸ். கார்டு என்று வரும்போதுதான் கை சுருங்குகிறது. 2025 டிராஃப்டில் முதல் இரண்டு சுற்றும் தற்காப்புக்குப் போக, கார்டு வந்தது மூன்றாம் சுற்றில்.

2025 செப்டம்பர் 14, ஜாக்சன்வில் ஆட்டம். ஒரு சாக்கில் பர்ரோவின் இடதுகால் பெருவிரலில் காயம். விரல் தரையில் பதிந்திருக்க, குதிகால் மேலே நிற்க, உடல் எடை விழும்போது மூட்டு அளவுக்கு மீறி மடங்கும். அடியில் தாங்கும் தசைநார்த் தகடு கிழியும். இதுதான் டர்ஃப் டோ. வலக்கை வீரருக்கு இடதுகால்தான் ஊன்றும் கால். அறுவை சிகிச்சை முடிந்து நவம்பர் 27-இல் திரும்பி, பால்டிமோரை 32-14 என்று வென்றார். அடுத்த மாதமே அதே அணியிடம் 24-0 தோல்வி. திரும்பிய முதல் நாள் ஆட்டத்தைக் கண்டு குணமாகிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

பர்ரோமேலும் குறை உண்டு. பந்தைக் கூடுதல் நேரம் கையில் வைத்திருப்பார். சாக்கில் ஒரு பங்கு அவருடையதே. ஆகவே மூன்றாம் டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) ஐந்து பேரையும் பந்து வாங்க ஓடவிட்டு, ஐந்தே பேரை மறிக்க நிறுத்துவதைக் குறையுங்கள். ரன்னிங்பேக் (பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்) முதலில் சென்டருக்கும் கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனித்து மறிக்கட்டும், பிறகு பந்து வாங்க ஓடட்டும். இரண்டரை நொடிக்குள் எறிந்துவிட ஒரு குறும்பந்து எப்போதும் இருக்க வேண்டும்.

பயிற்சி முகாமிலும் கவனம் தேவை. 2023 ஜூலையில் கெண்டைக்கால் தசை பிடித்து முகாமையே தவறவிட்டவரை முதல் ஆட்டத்திலேயே இறக்கினீர்கள்; கிளீவ்லாந்தில் அவர் எறிந்தது 82 யார்டு, தோல்வி 24-3. தசைக் காயத்துக்கு நாள்கணக்கு உதவாது. முழு வேகத்தில் பின்வாங்கி எறியும் பயிற்சியை வலியில்லாமல் தொடர்ந்து முடித்த பிறகே களம்.

கடைசியாக, இரண்டாம் குவாட்டர்பேக். 2025-இல் ஜேக் பிரவுனிங் தொடங்கிய மூன்று ஆட்டமும் தோற்ற பிறகு, அக்டோபரில் ஓடிப்போய் ஜோ ஃபிளாக்கோவை வாங்கினீர்கள். அணி 6-11 என்று முடிந்தது. அந்த இடத்துக்கு அனுபவசாலி ஒருவரை மார்ச்சிலேயே எடுத்துவிடுங்கள். சம்பளக் கணக்கில் அதற்கும் ஒரு பங்கை இப்போதே ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டங்களை விடாமல் பார்க்கும் தமிழ் ரசிகர்கள் சிலர்