நீளக் களிசான்

கோண்டாவில்
14.10.2025

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நல்ல சுகம். மூன்று ஞாயிற்றுக்கிழமையாக உன்னுடைய போன் வரவில்லை. வேலை கூடியிருக்கும் என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அவ ஏழு மணிக்கே போனைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு, ஒன்பது மணி வரை ரி.வி.யைக்கூடப் போடாமல் இருக்கிறா. மழை தொடங்கிவிட்டது, கிணற்றில் இன்னும் தண்ணீர் ஏறவில்லை. கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் மேற்குக் கொப்பை வெட்டுவித்தேன், ஓட்டில் முட்டிக்கொண்டிருந்தது. நீ அனுப்பிய காசில் அந்தப் பக்கத்து ஓடெல்லாம் மாற்றியாகிவிட்டது. ஒரு சொட்டும் ஒழுகவில்லை. பார்க்கிற சனத்துக்கெல்லாம் மகன் செய்து தந்தது என்றுதான் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டு ரீச்சரின் மகள் 19 ஆம் திகதி ரொறன்ரோவுக்குப் புறப்படுகிறா. அவவின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் எனக்குப் பக்கத்தில் அம்மா, உனக்குப் பக்கத்தில் மருமகள். சில கதை எழுதினால்தான் வரும்.

கடைசியாகக் கதைத்த அன்று நடுவில் பேரன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். உங்களுக்குக் காலை பத்து மணி. "இப்பதான் விடிஞ்சதோ?" என்று நீ கேட்டாய். அவன் இங்கிலிஷில் ஏதோ சொன்னான், எனக்குப் பிடிபடவில்லை. அதற்குப் பிறகு போன் கவிழ்ந்து கிடந்தது, எங்களுக்கு இருட்டுத்தான் தெரிந்தது. ஒரு சத்தம் கேட்டது. பிறகு நீ அவசரமாகப் போனை வைத்துவிட்டாய். கிளாஸ் விழுந்திருக்கும் என்று அம்மாவுக்குச் சொன்னேன். கையும் காலும் நீண்டுபோன பெடியன், தட்டி விழுத்தியிருப்பான் என்றேன்.

அது உண்மையாகவே நடக்கிற காரியம்தான். இந்த வயதில் உடம்பு எல்லா இடமும் ஒன்றாக வளர்வதில்லை. முதலில் பாதமும் கையும், பிறகு காலும் முழங்கையும், கடைசியில்தான் உடம்பு அவற்றை எட்டிப் பிடிக்கும். ஆண்பிள்ளைகள் வேகமாக வளர்கிற அந்த வருடத்தில் ஒன்பது, பத்து சென்ரிமீற்றர்கூட வளர்வார்கள். நேற்று எட்டிய தூரத்துக்கு இன்று கை நீட்டினால் பாத்திரம் உருளும், கதவு நிலையில் தோள் இடிக்கும். கவனமில்லை என்று அதற்கு ஏசாதே.

அவனை நித்திரை கொள்ள விடு. இதை நான் செல்லம் கொடுக்கச் சொல்லவில்லை. நித்திரையைக் கொண்டுவருகிற மெலடோனின் என்ற ஓமோன் கட்டிளமைப் பருவத்தில் இரவு பிந்தித்தான் சுரக்கத் தொடங்குகிறது. பத்து மணிக்குப் படு என்றால் அவனுடைய உடம்பு கேட்காது. தேவைப்படுவதோ எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாத நித்திரை, பத்து மணித்தியாலம் என்றாலும் நல்லது. கிழமை நாளில் விடிய ஆறு மணிக்கு எழுந்து பஸ் பிடிக்கிற பிள்ளை, விடுமுறையில் அந்தக் கடனைத் தீர்க்கிறான். போனைப் படுக்கைக்குக் கொண்டுபோக விடாதே, அது சரி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போய்ப் போர்வையை இழுக்காதே.

போன வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தீர்களே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோயிலுக்குள்ளே போக, போட்டிருந்த சேட்டைக் கழற்ற மாட்டேன் என்று தேர்முட்டிப் பக்கம் நின்றுவிட்டான். நீ கையைப் பிடித்து இழுத்தாய், கனடாவில் வளர்ந்த திமிர் என்றாய். நான்தான் அவனோடு வெளியில் நிற்கிறேன் என்றேன், ஞாபகம் இருக்கும். இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றான். வெயில் கொளுத்தியது, கச்சான்காரி கூப்பிட்டுக் கேட்டும் கையை அவிழ்க்கவில்லை. ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். ஒரு கையால் தின்றான், மற்றக் கை நெஞ்சைவிட்டு எடுபடவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த வயதில் ஆண்பிள்ளைகளில் பாதிப் பேருக்காவது மார்பு கொஞ்சம் வீங்கும், தொட்டால் நோகும். ஓமோன்கள் நிலைக்கு வரும் வரைக்கும்தான் அது, ஒன்று இரண்டு வருடத்தில் தானாக வற்றிவிடும். பெரும்பாலும் மருந்தும் தேவையில்லை. பெண்பிள்ளை மாதிரி ஆகிவிட்டேனோ என்று அந்தப் பிள்ளை தனியே கிடந்து பயந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் நீச்சல் வகுப்பு என்றால் வயிற்றுவலி என்று சொல்கிறான் என மருமகள் முந்தி ஒரு நாள் சொன்னா. இரண்டையும் சேர்த்துப் பார். அவனிடம் நேராகக் கேட்காதே, கூச்சப்படுவான். காரில் போகும்போது, ரோட்டைப் பார்த்தபடி, "எல்லாப் பெடியளுக்கும் வாறதுதான், போயிடும்" என்று ஒரு வசனம் சொல்லிவிடு. போதும்.

நான் 31 வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன். கபச்சுரப்பியைக் கரும்பலகையில் கீறி, அது எந்த வயதில் எதை ஏவும் என்று ஒரு வகுப்புக்கு நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். வீட்டில் இருந்த ஒரு பெடியனுக்குச் சொல்லவில்லை. உனக்குக் குரல் உடைந்தது, பரு வந்தது, இரவில் எழும்பிப் போய்க் கிணற்றடியில் சாரத்தைத் துவைத்தாய். தண்ணீர் அள்ளுகிற சத்தம் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். அது ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் நித்திரையில் நடப்பது, வருத்தம் இல்லை என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். சொல்லவில்லை. தங்கச்சி பெரியபிள்ளையானபோது ஊர் திரண்டு வந்தது. நல்லெண்ணெயும் முட்டையும் உளுத்தங்களியும், மாமி தண்ணீர் வார்த்ததும், ஆராத்தியும், படமும். அவவுக்கு என்ன நடக்கிறது என்று சொல்ல நாலு பெண்கள் சுற்றி இருந்தார்கள். உனக்கு ஒருவரும் இல்லை. நீ வளர்ந்ததை நாங்கள் ஒரு நாளும் கொண்டாடவில்லை.

அவன் எதிர்த்துக் கதைக்கிறான் என்று நீ கவலைப்படுகிறாய். அன்று நல்லூர் வாசலில் அவன் என்னைக் கேட்டான்: "அம்மப்பா வீட்டுப் பக்கத்துக் கோயிலிலே சேட்டுப் போடலாம், இங்கே ஏன் ஏலாது? இரண்டும் ஒரே முருகன்தானே?" தமிழில் கேட்டான், தம்பி. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கண்ணுக்கு முன்னால் இருக்கிற பொருளை வைத்து மட்டும் யோசித்த பிள்ளை, பதினொன்று பன்னிரண்டு வயதுக்குப் பிறகு "அப்படியென்றால் இப்படி ஏன் இருக்கக்கூடாது" என்று யோசிக்கத் தொடங்கும். உளவியலாளர் பியாஜே அதைத்தான் எழுதி வைத்தார், கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் நான் சோதனைக்காகப் பாடமாக்கினேன். புதுக் கத்தி கிடைத்தவன் எல்லாவற்றையும் வெட்டிப் பார்ப்பதுபோல, அந்தப் புத்தியை முதலில் வீட்டில்தான் தீட்டிப் பார்ப்பார்கள். தகப்பனோடு தர்க்கம் செய்கிற பிள்ளை தகப்பனை நம்புகிற பிள்ளை. ஆனால் ஆத்திரத்தை அடக்குகிற, பின்விளைவைக் கணக்குப் பார்க்கிற மூளையின் முன்பகுதி முற்றுவதற்கு இருபத்தைந்து வயதுவரை செல்லும். உணர்ச்சி அதற்கு முந்தியே முழு வேகத்தில் ஓடுகிறது. அவனுக்கு வேகம் வந்துவிட்டது, பிரேக் இன்னும் பூட்டவில்லை. உனக்கு நாற்பத்து மூன்று வயது, உன்னுடைய பிரேக்கைத்தான் அவனும் பாவிக்க வேண்டும்.

எரிக்சன் என்பவர் இந்த வயதின் வேலையே நான் ஆர் என்று கண்டுபிடிப்பதுதான் என்றார். எங்கள் காலத்தில் அதற்கு ஊரும் கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரு பதில் வைத்திருந்தன. வீட்டில் தமிழ், வெளியில் இங்கிலிஷ், தோல் ஒரு நிறம், பெயரைச் சொன்னால் இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று வளர்கிற பிள்ளைக்கு அந்தக் கேள்வி இன்னும் பெரிது. அவன் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பது உன்னைத் தள்ளி வைக்க என்று நினைக்காதே. தட்டிவிட்டுப் போ. சிநேகிதரை முற்றாக விட்டால், சாப்பாட்டை விட்டால், விருப்பமான பந்தையும் தொடாமல் இரண்டு கிழமைக்கு மேல் சோர்ந்து கிடந்தால், அப்போது காத்திருக்காதே, டொக்டரிடம் கூட்டிப்போ. வெட்கப்பட ஒன்றும் இல்லை. மற்றப்படி நித்திரை கொள்ள விடு.

இவ்வளவும் எழுதிவிட்டு நேற்று இரவு பேனையை மூடி வைத்தேன். இன்று காலையில் திருப்பி வாசித்தால், வகுப்பில் பாடம் எடுத்த மாதிரி இருக்கிறது. நான் எழுத வந்தது இதை அல்ல.

வருகிற 30 ஆம் திகதியோடு, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணச் சனம் எல்லாம் இடம்பெயர்ந்து முப்பது வருடம். அந்த மழை இரவில் செம்மணி வீதியில் சைக்கிளின் பின்னால் பாயைக் கட்டிக்கொண்டு நீ நடந்தபோது உனக்குப் பதின்மூன்று வயது. என் தோளுக்குக் கீழே நின்றாய். மீசாலைப் பள்ளிக்கூடத்தில் நிவாரண அரிசியும் பருப்பும் தின்று, அதிலும் நீ வளர்ந்தாய். 1996 சித்திரை வருடப் பிறப்பு முடிந்த கையோடு திரும்பி வந்தோம். கதவு, யன்னல் ஒன்றும் இருக்கவில்லை, நிலை மட்டும் நின்றது. பொங்கலுக்குப் பொங்கல் உன்னை நிறுத்திப் பென்சிலால் கீறின நிலை. நீ நேரே போய் அதில் முதுகை வைத்து, குதிக்காலை ஒட்டி நின்றுகொண்டு, "அப்பா, இப்ப எவ்வளவு?" என்றாய். பழைய கோடு உன் காதுக்குக் கீழே நின்றது. நான் பென்சில் எடுக்கவில்லை. "வளர்ந்து என்ன செய்யப்போறாய்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனேன்.

அந்த வருடம் எத்தனை வீட்டில் பெடியள் காணாமல் போனார்கள். உனக்கு மேலுதட்டில் மயிர் கறுத்ததைக் கண்ட நாளில் இருந்து எனக்கு நித்திரை இல்லை. சந்தியில் ஆமியின் காவலரணில், அந்தச் சென்றியில், அரைக்களிசான் போட்டவனைப் போ என்று கையைக் காட்டினார்கள், நீளக் களிசான் போட்டவனை இறக்கி வைத்தார்கள். அதனால் உன்னோடு படித்தவர்கள் நீளக் களிசானுக்கு மாறிய பிறகும் உன்னை மாறவிடவில்லை. குனிந்து நட என்றேன். ஆமிக்காரன் கேட்டால் வாயைத் திறக்காதே, குரல் காட்டிக்கொடுத்துவிடும், நான் பதில் சொல்கிறேன் என்றேன். நீ சொன்னதைக் கேட்கிற பிள்ளை. வீட்டுக்குள்ளும் வாயை மூடிக்கொண்டாய்.

97 இல் பெரியம்மாவின் மகன் விட்டுப்போன மண்ணிறக் களிசானை எடுத்து, காலை மடித்து, நீயே கறுப்பு நூலால் தைத்துப் போட்டுக்கொண்டு ரியூசனுக்கு வெளிக்கிட்டாய். தையல் கோணல், ஒரு கால் மற்றதைவிட ஒரு விரல் உயரம். படலையில் இரண்டு சிநேகிதர் சைக்கிளோடு நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் அடித்தேன். கன்னத்தில். நீ அழவில்லை. உள்ளே போய்க் கழற்றி, மடித்து, பெட்டிக்குள் வைத்துவிட்டு அரைக்களிசானோடு போனாய். நான் பயந்தது ஆமிக்கு, அடித்தது உனக்கு. அடிக்கு நான் காரணம் சொல்லவும் இல்லை. இந்த இருபத்தெட்டு வருடத்தில் நீயும் ஒரு சொல் அதைப் பற்றிக் கேட்கவில்லை. வீடியோவில் பார்க்கிறேன், நீ இன்னும் தோளை மடக்கிக் குனிந்துதான் இருக்கிறாய்.

அன்று கேட்டது கிளாஸ் விழுந்த சத்தம் இல்லை, தம்பி. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், என்னுடைய கையில் இருந்து வந்தது அது. உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. உனக்கு யாரும் வேறு விதமாகக் காட்டித் தரவில்லை. ஆனால் உங்கள் தெருவில் சென்றி இல்லை. அவன் வளரட்டும்.

அவனிடம் போய் ஒரு சொல் சொல்லு. மன்னிப்பு என்ற சொல்லே வேண்டுமென்று இல்லை, "அண்டைக்கு நான் செய்தது பிழை" என்றால் போதும். நான் உனக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்: நான் செய்தது பிழை.

அம்மா பொங்கலுக்கு அவனுக்கு உடுப்புத் தைப்பிக்க வேண்டும் என்று நிற்கிறா. சேட்டும் களிசானும். பழைய அளவு எங்களிடம் இருக்கிறது, அது இனி உதவாது. நீ அளந்து அனுப்பாதே. அவனையே அளந்து சொல்லச் சொல்லு, எனக்குப் போனில் அவனே சொல்லட்டும். எந்த நேரம் எழும்புகிறானோ அந்த நேரத்துக்கு எடுக்கட்டும், நாங்கள் முழித்திருப்போம். களிசான் காலுக்குள் மூன்று அங்குலம் துணி மடித்து விடச் சொல்லித் தையல்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா