ஆவணி மாசத்துல வந்த புது வருசப் பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புத்தாண்டு அன்னிக்கு உங்க பேப்பர்ல 'இளமை இதோ இதோ' பாட்டப் பத்தி அரைப் பக்கம் வந்திருந்துச்சு. நான் ரெண்டு நாள் கழிச்சுதான் படிச்சேன், செங்கோட்டையில மச்சான் வீட்டுக்குப் போன இடத்துல. நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, குறை சொல்ல வரல, ஆனா ரெண்டு விஷயம் தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது. 1983 புத்தாண்டுக்குன்னே வந்த பாட்டுன்னு ஒரு வரி. ரேடியோவுல முதல் தடவ ஒலிச்ச அன்னிக்கே தமிழ் பேசுற வீடெல்லாம் எழுந்து ஆடுச்சுன்னு இன்னொரு வரி. எங்க வீட்டுல யாரும் ஆடல சார். எங்கப்பா ஸ்டேஷன மாத்திட்டாரு.

முதல்ல தேதிய சொல்லிடுறேன். 'சகலகலா வல்லவன்' படம் ரிலீஸ் ஆனது 1982 ஆகஸ்ட் 14, சுதந்திர தினத்துக்கு முந்தின நாள். புத்தாண்டுக்கு நாலரை மாசம் முன்னாடியே படமும் வந்தாச்சு பாட்டும் வந்தாச்சு. படத்துல கமல் அந்தப் பாட்ட புத்தாண்டு பார்ட்டியில பாடுறாரு, அவ்வளவுதான் சம்பந்தம். ஆவணி மாசத்துல ரேடியோவுல கேக்குறவனுக்கு அது என்னவா இருந்திருக்கும்னு கட்டுரை எழுதினவரு கொஞ்சம் யோசிச்சுப் பாக்கணும்.

நான் இருக்கிறது குளத்துப்புழை பக்கம், கொல்லம் ஜில்லா, ஆரியங்காவு கணவாய் தாண்டினா செங்கோட்டை, நமக்கு ஜாமான் வாங்குறது கல்யாணம் காட்சின்னு எல்லாத்துக்கும் அந்தப் பக்கம்தான். நாங்க இந்த ஊர்க்காரங்களும் இல்ல. எங்க அப்பா அம்மா இலங்கையில ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிச்சவங்க. 1964ல இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேர இந்தியாவுக்கு அனுப்புறதுன்னு கணக்குப் பண்ணாங்களே, அந்தக் கணக்குல வந்தவங்க நாங்க. தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல இறங்கி மண்டபம் கேம்ப்ல இருந்துட்டு, இங்க வந்தவங்களுக்கு வேலை குடுக்கத்தான் புனலூர்ல 1976ல ரீஹேபிலிடேஷன் பிளான்டேஷன்ஸ்னு அரசாங்கமே ரப்பர் கம்பெனி ஆரம்பிச்சாங்க, அதுல வேலைக்குச் சேந்தாங்க. அப்ப எனக்கு ஆறு வயசு. தேயிலை பறிச்ச கைக்கு ரப்பர் வெட்டுற கத்திய குடுத்தா எப்படி இருக்கும், அத இன்னொரு நாள் எழுதுறேன். அத்தை குடும்பம் மட்டும் அங்கயே நின்னுடுச்சு, அவங்க பேர் இலங்கை பக்கம் விழுந்துடுச்சு. ஒரே வீட்டுல ஒருத்தர் இந்தியா, ஒருத்தர் இலங்கை.

அதனால எங்க லயத்துல, அதாவது தோட்டத்து ஆளுங்க இருக்கிற வரிசை வீடுகள்ல, ரேடியோன்னா அது இலங்கை வானொலிதான். தமிழ்நாட்டுலயும் நிறைய பேர் கேட்டாங்க, ஒத்துக்கிறேன், 1952ல கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு மந்திரியா வந்து ஆகாசவாணியில சினிமாப் பாட்ட ஒதுக்கினதுல இருந்தே சிலோனுக்கு ஊசிய திருப்பிப் பழகின ஜனம்தான், பின்னாடி 57ல விவித் பாரதி வந்தும் அந்தப் பழக்கம் போகல. ஆனா அவங்களுக்கு அது பாட்டுப் பெட்டி. எங்களுக்கு அது ஊர்ச் சத்தம். அந்த அறிவிப்பாளருங்க பேசுற தமிழு, கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது இவங்க குரலெல்லாம், அம்மாவுக்கு அவங்க தோட்டத்து ஞாபகம். திருநெல்வேலி வைச்சா 'வயலும் வாழ்வும்', திருவனந்தபுரம் வைச்சா 'வயலும் வீடும்', வயலே இல்லாத எங்களுக்கு ரெண்டும் எதுக்குன்னு அப்பா சிரிப்பாரு.

இப்ப விஷயத்துக்கு வரேன். என் பொறந்த நாள் ஆகஸ்ட்ல வருது. இலங்கை வானொலியில 'பிறந்தநாள் வாழ்த்து' நிகழ்ச்சி உங்கள்ல வயசானவங்களுக்கு ஞாபகம் இருக்கும், போஸ்ட் கார்டு எழுதிப் போட்டா புள்ளை பேரு, அப்பா அம்மா பேரு, மாமா அத்தை பேருன்னு வரிசையா வாசிப்பாங்க. அந்த வருசம் எனக்கு 11 முடியுது, அத்தை ஒரு மாசம் முன்னாடியே கடுதாசி போட்டுட்டாங்க, கார்டு எழுதிப் போட்டிருக்கேன், புள்ளை பேரு வரும், கேளுங்கன்னு. லயம் முழுக்கத் தெரிஞ்சு போச்சு. அன்னிக்கு மழை, மழைன்னா ரப்பர் பால் வெட்டு கிடையாது, எல்லாரும் வீட்டுல. எங்க வாசல்ல இருபது முப்பது பேர் இருப்பாங்க, பலாமரத்துல இழுத்துக் கட்டின ஏரியல் கம்பி, செல் தீந்து போற நிலமையில இருந்ததால முந்தின நாள் வெயில்ல காய வைச்சுப் போட்டது, எங்க ட்ரான்சிஸ்டர் ரெண்டு பேண்டு, ஓட்டை ஓட்டையா தோல் உறை போட்டது, அத ஸ்டூல் மேல வைச்சு அப்பா பக்கத்துல உக்காந்திருக்காரு. மலைக்கு இந்தப் பக்கம் சிலோன் எடுக்குறதே பெரும்பாடு, அலை மாதிரி வரும், போகும். பேரு வாசிக்கிறாங்க வாசிக்கிறாங்க, எங்க பேரு வரல. நடுவுல ஒரு பாட்டு போட்டாங்க.

பாட்டு எடுத்த எடுப்புலயே எஸ்.பி.பி. உரக்க இங்கிலீஷ்ல எல்லாருக்கும் ஹேப்பி நியூ இயர் சொல்றாரு பாருங்க, அதுதான். அப்பா பதறிட்டாரு. "அடடா, இங்கிலீஷ் ஸ்டேஷன் வந்து ஏறிக்கிச்சு"ன்னு காத திருகி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தேடுறாரு, கொர்ருங்குது, எங்கயோ நாதஸ்வரம் கேக்குது, எங்கயோ மலையாளத்துல நியூஸ் வாசிக்கிறான், திரும்ப சிலோன பிடிக்கிறதுக்குள்ள என் பேரு வந்து போயிடுச்சோ என்னவோ, நிகழ்ச்சியே முடிஞ்சிருந்துச்சு. நான் அழுதேன். பக்கத்து வீட்டுக் கிழவி ஒண்ணு, "ஆவணி மாசத்துல எவன்டா புது வருசம் சொல்றவன், கிறுக்குப் பய"ன்னு திட்டிட்டுப் போச்சு. எங்க வீட்டுல அந்தப் பாட்டுக்குக் கிடைச்ச முதல் வரவேற்பு அதுதான் சார், என் பேர முழுங்கின பாட்டு.

இதுல ஒரு தமாஷ் இருக்கு. மறுநாள் டீக்கடையில அப்பா இதச் சொல்லிப் புலம்பியிருக்காரு, கடைக்கார சேட்டன் சிரிச்சுட்டு, அதுல என்ன தப்பு, சிங்ஙம் ஒண்ணு இப்பதானே போச்சு, எங்களுக்கு இதுதான் புது வருசம்னாராம். உண்மைதான். மலையாளிங்களோட கொல்லம் ஆண்டு சிங்ஙம் மாசம் ஒண்ணாந்தேதிதான் பொறக்குது, ஆகஸ்ட் பாதியில, 1158 அப்பதான் பொறந்திருந்துச்சு. ஆக மொத்தம் அந்தப் பாட்டு சரியான நேரத்துல வந்து சேந்த ஒரே ஊரு எங்க கொல்லம் ஜில்லாவாத்தான் இருக்கும்!

அந்த மழைக்காலம் பூரா அது நாலோட அஞ்சாத்தான் ஓடுச்சு. எங்க லயத்துல பொம்பளைங்க அதே படத்து 'நிலா காயுது' வந்தா சிரிச்சுக்கிட்டே சவுண்ட கொறைப்பாங்க, பசங்க கூட்டச் சொல்லுவாங்க, பேச்செல்லாம் அதப் பத்திதான். 'இளமை இதோ இதோ' வந்தா பெருசுங்க மூஞ்சிய சுளிப்பாங்க, என்னடா இது இங்கிலீஷ் கூச்சல்னு. எழுதினவரு வாலி, அப்ப அவருக்கே 50 வயசு, எங்கப்பாவ விட மூத்தவரு, அது தெரிஞ்சிருந்தா பெருசுங்க என்ன சொல்லியிருப்பாங்களோ.

அது புது வருசப் பாட்டா மாறினத நான் கண்ணால பாத்தேன். 1983 ஜனவரி 1, சனிக்கிழமை. இங்க அந்த மாசம் சபரிமலை சீசன், ரோட்டுல ஐயப்பன் பஸ்ஸு, குளத்துப்புழை கோயில் பக்கம் மைக் செட்ல விடாம வீரமணி பாட்டு, புத்தாண்டுன்னு தனியா யாரும் எதுவும் பண்றதில்ல, சர்ச்சுக்குப் போறவங்க ராத்திரி போயிட்டு வருவாங்க அவ்வளவுதான். தோட்டத்துல அது நல்ல பால் சீசன், குளிருக்கு பால் நின்னு வடியும், லீவு போட மாட்டாங்க. அப்பா விடியக்காலையில தலையில டார்ச்ச கட்டிக்கிட்டுப் போயிட்டாரு, நான் ஸ்கூல் லீவுன்னு கூட, ட்ரான்சிஸ்டர துணிப்பையில போட்டு என் கழுத்துல மாட்டியிருந்தேன். ரப்பர் வெட்டு பாத்திருக்கீங்களா, பட்டைய மெலிசா, தாள் கனத்துக்கு, இடப்பக்கம் மேல இருந்து வலப்பக்கம் கீழ சரிவா சீவணும், கொஞ்சம் ஆழமாப் போனா மரத்துக்குக் காயம், சீவின கோட்டுல வெள்ளையா பால் ஊறி வழிஞ்சு சிரட்டையில சொட்டும். பேசாம செய்யுற வேலை. எங்க ஆளுங்க ஒவ்வொரு ப்ளாக்கா சிதறி நிப்பாங்க, ஒருத்தருக்கொருத்தர் தெரியாது, தலை டார்ச்சு மட்டும் மின்னாம்பூச்சி மாதிரி தெரியும்.

வெட்டு முடிஞ்சு வெளிச்சம் வந்து, பால் எடுக்குறதுக்காகக் காத்திருக்கோம், இலங்கை வானொலியில 'பொங்கும் பூம்புனல்' நிகழ்ச்சி ஓடுது. திடீர்னு அந்தக் குரலு, அதே இங்கிலீஷ் வாழ்த்து. அன்னிக்குத்தான் அது சரியான தேதியில வருது! என்ன ஆச்சுன்னா, எங்க ப்ளாக்குல ஒரு ரேடியோ, மேல ப்ளாக்குல ஒண்ணு, ஓடைக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, எல்லாரும் சிலோன்தான் வைச்சிருந்திருக்காங்க போல, மலைச் சரிவு முழுக்க ஒரே பாட்டு நாலா பக்கமும் கேக்குது, மேல இருந்து ஒருத்தரு "ஏப்பி நியூ இயரோவ்"னு கத்துறாரு, ஓடைக்கு அந்தப் பக்கத்துல இருந்து பதில் வருது, எங்கப்பா, ஆகஸ்ட்ல ஸ்டேஷன மாத்தின அதே மனுஷன், கத்திய கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு பதிலுக்குக் கத்துறாரு. நான் ஆடுனேன். கட்டுரையில வந்த மாதிரியேதான் ஆடுனேன், ஆடி, பக்கத்து ஆளு முதல்ல எடுத்து வைச்சிருந்த பக்கெட்ட காலால தட்டி விட்டுட்டேன். பாதி பக்கெட் பால் தரையில, மிச்சம் என் மேலயும் ரேடியோ மேலயும். அப்பா அடிக்கல. புது வருசமும் அதுவுமா அடிக்கக் கூடாதுன்னு மறுநாளைக்கு ஒத்தி வைச்சாரு, மறுநாள் மறக்காம குடுத்தாரு.

கட்டுரையில இல்லாத இன்னொண்ணும் இருக்கு. அந்த வருசம் ஜூலையில கொழும்புல தமிழங்கள வெட்டி எரிச்சாங்க, மலையகத்துலயும் பரவுச்சு. அதுக்கப்புறம் எங்க வீட்டுல ராத்திரி பிபிசி தமிழோசை, பகல்ல இலங்கை வானொலி, ரெண்டுத்துலயும் பாட்டுக்காக யாரும் காத குடுக்கல. அத்தைகிட்ட இருந்து கடுதாசி நின்னு போச்சு. நாங்க எழுதினதுக்கும் பதில் இல்ல. 1984 ஜனவரி 1 ஞாயித்துக்கிழமை காலையில அப்பா வெட்டு முடிச்சு வந்து ரேடியோவ போட்டாரு. அம்மாவுக்குப் பிடிக்கல, "என்ன சந்தோசம்னு இப்ப பாட்டு"ன்னாங்க. அப்பா ஒண்ணும் சொல்லாம உக்காந்திருந்தாரு. அந்தப் பாட்டு வந்துச்சு, முழுசா கேட்டாரு, முடிஞ்சதும் மூடிட்டு, "பாட்டு போடுறாங்கன்னா அங்க ஆளுங்க இருக்காங்கன்னுதானே அர்த்தம்"னாரு. அத்தை கடுதாசி மாசியிலதான் வந்துச்சு. எல்லாரும் உயிரோட இருக்கோம்னு ஒரு வரி, மீதி பூரா ஊர்க்காரங்க பேரு, யாரு எங்க போனாங்கன்னு. கடைசியில, புள்ளை பேரு ரேடியோவுல வந்துச்சே கேட்டீங்களான்னு ஒரு கேள்வி. ஒன்றரை வருசம் கழிச்சு கேக்குறாங்க. கேட்டோம்னு அப்பா பொய் எழுதிட்டாரு.

ஆசிரியர் சார், உங்களுக்கு நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். 1983ன்னு போட்டத 1982 ஆகஸ்ட்னு ஒரு திருத்தம் போடுங்க. கட்டுரைக்கு மேல ஒரு படம் போட்டிருந்தீங்க, பெரிய மரப்பெட்டி ரேடியோ, வால்வு செட்டு, பணக்காரங்க வீட்டு ஹால்ல இருக்குமே அது. அந்த மாதிரி ஒண்ணு எங்க லயத்துல யார் வீட்டுலயும் கிடையாது, அந்தப் பாட்ட அதுல கேட்டவங்களும் கொஞ்சம் பேராத்தான் இருப்பாங்க. அடுத்த வருசமும் இதே கட்டுரைய போடுவீங்க, எனக்குத் தெரியும், அப்ப தோல் உறை போட்ட சின்ன ட்ரான்சிஸ்டர் படமா போடுங்க. எங்க வீட்டுப் பரண்ல இன்னும் கிடக்கு, பாடாது, வேணும்னா போட்டோ எடுத்து அனுப்புறேன். உறையில ஒரு பக்கம் கறுப்பா திட்டுத் திட்டா இருக்கும், அழுக்குன்னு நினைச்சுடாதீங்க, அது அந்த ஜனவரி 1ல கொட்டின பாலு.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
குளத்துப்புழை, கொல்லம் மாவட்டம்.