புதிய எறும்பு என்றால் எப்படிப் புதியது என்றும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

மலைக்காட்டுச் சருகுக்குள் புதிய எறும்பினம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதாக அண்மையில் உங்கள் பத்திரிகையில் நாலு வரிச் செய்தி வந்திருந்தது. அதை வெட்டி வகுப்பறைச் சுவரில் ஒட்டினேன். உயர்தரம் படிக்கிற பிள்ளை ஒன்று வாசித்துவிட்டு, "டீச்சர், அது புது இனம் எண்டு எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று கேட்டது. கேட்க வேண்டிய கேள்வி அதுதான், ஆனால் செய்தியில் அதற்கு ஒரு சொல்லும் இல்லை.

காட்டிலிருந்து எறும்பைக் கொண்டுவருவது வேலையின் சின்னப் பகுதி. ஒரு சதுர மீற்றர் நிலத்துச் சருகை அப்படியே வாரி, மா அரிக்கும் அரிதட்டைவிடக் கண் பெரிய அரிதட்டில் சலித்து, விழுந்ததை வலைப்பைகளில் போட்டுத் துணிக்கூட்டுக்குள் தொங்கவிடுவார்கள். விங்க்லர் பை என்று பெயர், மின்சாரமே வேண்டாம். சருகு காயக் காய எறும்புகள் வெளியேறி அடியில் கட்டியிருக்கும் மதுசாரப் போத்தலில் விழும், வழக்கமாக இரண்டு நாள் அப்படி விடுவார்கள். அப்புறம்தான் பொறுமை வேண்டும். இந்த எறும்புகளில் நிறைய இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான் இருக்கும், ஒவ்வொன்றையும் முக்கோணமாக வெட்டிய கடதாசியின் நுனியில் துளி பசை வைத்து ஒட்டி, நுணுக்குக்காட்டிக்குக் கீழே தலையின் அகலம், நீளம், உணர்கொம்பின் முதல் துண்டத்தின் நீளம் என்று அளந்து, அதே சாதியில், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்த குழுவில், ஏற்கெனவே பெயர் வைத்த இனங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும்.

கேரளத்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் கிடைத்து 2020இல் ஊசரேயா ஜோஷியை என்று பெயர் பெற்ற எறும்பை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாதியில் அதற்கு முன் தெரிந்த இனங்களுக்கு உணர்கொம்பில் எட்டு, ஒன்பது அல்லது பதினொரு துண்டங்கள். இதற்குப் பத்து. யாரோ ஒருவர் குனிந்திருந்து எண்ணியிருக்கிறார்! இதைச் சொன்னதும் வகுப்பே அடங்கிவிட்டது, நாலு வரிச் செய்தியால் அது முடியவில்லை.

எண்ணிக்கை வேறுபட்டால் மட்டும் போதாது. ஒரேயொரு எறும்பைத் தெரிந்தெடுத்து, இந்தப் பெயர் இதற்குத்தான் என்று எழுதி வெளியிட்டு, அதை நூதனசாலையில் வைக்க வேண்டும். பிறகு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அந்த ஒன்றைத்தான் பார்க்க வேண்டும், நூறு வருடம் கழித்தும். இப்படிப்பட்ட மாதிரிகள் பலவற்றின் முகம், பக்கவாட்டு, மேல்தோற்றப் படங்கள் விவரச் சீட்டோடு சேர்த்து ஆன்ட்வெப் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மட்டக்களப்பில் இருந்துகொண்டு கைபேசியிலேயே பார்க்கலாம். எங்கள் பிள்ளைகள் பார்த்தார்கள்.

நம்முடைய நாட்டுக் கதையும் இதில் உண்டு, அதைப் பத்திரிகைகள் எழுதாதது எனக்குப் பெரிய மனக்குறை. அனியூரேட்டஸ் சைமோனி என்ற எறும்புக்கு எமெரி என்ற இத்தாலியர் 1893இல் பெயர் வைத்தார். ஒரு உபகுடும்பத்தில் மற்ற இனங்கள் எல்லாம் அழிந்து, இது ஒன்றுதான் உயிரோடு மிஞ்சியிருக்கிறது, அதுவும் இலங்கையில் மட்டும். ஈர வலயக் காட்டில் உக்கிய கட்டைக்குள்ளும் சருகுக்குள்ளும் வாழ்கிறது. இரத்தினபுரிப் பக்கத்துக் கிலிமலைக் காட்டில் இதைத் தேடி 1955இல் அமெரிக்காவிலிருந்து எறும்பு ஆய்வாளர் எட்வர்ட் வில்சன் வந்தார். இன்று அது மிகவும் ஆபத்தான நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு யானையும் சிறுத்தையும் தெரியும், இது தெரியாது. எப்படித் தெரியும், நாம் சொன்னால்தானே?

நம்ம பகுதி உலர் வலயம், அந்த எறும்பு இங்கே இல்லை. அதற்காக நம்ம சருகு வெறும் குப்பை ஆகிவிடாது. பாடசாலை மாமரத்தடிச் சருகை ஒரு வெள்ளைச் சீலையில் உதறிப் பார்த்தோம். தாடை இரண்டையும் நேர்கோடாக விரித்துக்கொண்டு ஒன்று ஓடியது, பொறித்தாடை எறும்பு. அதை நுணுக்குக்காட்டியில் பார்க்கப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அதே சருகைத்தான் காலையில் கூட்டிக் குவித்து நெருப்பு வைக்கிறோம், வீட்டிலும் அப்படித்தான்.

ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால் நாலு விடயம் சேர்த்துப் போடுங்கள்: எந்தக் காட்டில் எவ்வளவு உயரத்தில் கிடைத்தது, பக்கத்து இனத்திலிருந்து எதில் வேறுபடுகிறது, மாதிரி எந்த நூதனசாலையில் இருக்கிறது, பெயர் வைத்தவர் யார். முடிந்தால் எறும்பின் முகப்படம் ஒன்று, கொஞ்சம் பெரிதாக. ஞாயிறு இதழில் மாணவர் பக்கத்தில் இடம் இருந்தால் எழுதித்தர நான் தயார், பணம் ஒன்றும் வேண்டாம்.

உயிரியல் ஆசிரியை,
களுவாஞ்சிக்குடி