ஒரு ருது இரண்டு மாதம்தான்

அன்புள்ள மகளுக்கு,

சென்ற வாரம் இரவு பதினோரு மணிக்கு நீ பேசியபோது, நடுநடுவே கரண்டி கிண்ணத்தில் உரசும் ஓசை கேட்டது. என்ன சாப்பிடுகிறாய் என்றதற்குத் தயிர் என்றாய். இரவில் தயிர் ஆகாது என்று ஆயுர்வேத நூலாசிரியர் வாக்பட்டர் எழுதியதைப் பத்து வயதில் எனக்கே ஒப்பித்துக் காட்டியவள் நீ என்பதால், மேலே ஒன்றும் சொல்லவில்லை.

மழை ஓய்ந்து சரத் ருது என்னும் பருவம் தொடங்கும் இந்நாட்களில் தயிர் பகலிலும் வேண்டாம். மழையில் சேர்ந்த பித்தம், மேகம் விலகி வெயில் சுள்ளென்று காயும்போது பொங்கும். கசப்பும் துவர்ப்பும் இனிப்பும் அளவான நெய்யும் அதைத் தணிக்கும். ஆனால் எதையும் ஒரே நாளில் மாற்றிவிடாதே. போகும் ருதுவின் கடைசி 7 நாட்களும் வரும் ருதுவின் முதல் 7 நாட்களும் சந்திக் காலம். பழையதைச் சிறுகச் சிறுகக் குறைத்துத்தான் புதியதைக் கூட்ட வேண்டும். நள்ளிரவில் உண்பவளுக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? தயிரையாவது விடு.

இந்த வயதில் இத்தனை பேரை வைத்து வேலை வாங்குகிறாய் என்பதில் எனக்குப் பெருமைதான். உன்னிடமே நீ வேலை வாங்கும் விதம்தான் பிடிக்கவில்லை. களைப்பைப் பற்றிக் கேட்டபோது, கோடையில் "வெயில்தான் அப்பா" என்றாய். கோடையில் வலு குன்றும் என்பதால் ஒப்புக்கொண்டேன். பிறகு "மழைதான்" என்றாய். மழையில் ஜடராக்கினி, அதாவது வயிற்றின் செரிக்கும் தீ, மந்தப்படும் என்பதால் அதையும் ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒரு ருது இரண்டு மாதம்தான். சரத்தில் வலு திரும்பத் தொடங்க வேண்டும். உன் குரலில் அது தெரியவில்லை.

உன் பதிலில் எனக்கு என் குரலே கேட்கிறது. உன் அம்மாவின் இருமலை, பனிக்காலத்தில் சேர்ந்த கபம் வசந்தத்தின் வெயிலில் உருகுகிறது என்று விளக்கி, தேனும் சுக்கும் கொடுத்துக்கொண்டு வசந்தம் முழுவதும், கோடையிலும் பாதி வரை, அவளை மருத்துவரிடம் அழைத்துப் போகாமல் இருந்தவன் நான். நூலில் பிழையில்லை. அதை நான் சாக்காக்கிக்கொண்டேன். இன்றும் மாடிப்படியின் நடுவில் அவள் நின்று மூச்சு வாங்குவதற்கு வயது காரணமில்லை. இதை உன்னிடம் நான் ஒருபோதும் சொன்னதில்லை.

இந்த வாரமே இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, முடிவை எனக்கு அனுப்பு. அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். தயிர் வேண்டாம்.

அப்பா