செயலாளரின் ஆண்டறிக்கை: 2024 ஆகஸ்ட் – 2025 ஜூலை

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

வாசிகசாலைக் கூரை, சிரமதானம், முன்பள்ளிக் கதிரைகள் பற்றிய விவரமெல்லாம் பொருளாளரின் கணக்கறிக்கையில் இருக்கிறது. நான் நம் சனசமூக நிலையத்தின் இளைஞர் வேலையைப் பற்றியே கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன்.

இந்த ஓராண்டுக்குள் மூன்று தேர்தல்கள் வந்தன: 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல், 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல். நம் பிள்ளைகள் யாழ்ப்பாணம், பேராதனை, வந்தாறுமூலை பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள். விடுதி அங்கே, வாக்கு இங்கே. அரச ஊழியருக்குத் தபால் வாக்கு உண்டு, மாணவருக்கு இல்லை. மே 6 ஒரு செவ்வாய்க்கிழமை. பஸ் காசையும் விரிவுரையையும் பார்த்து வராமல் நின்ற பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 18 வயதில் வாக்குரிமை 1959இலேயே வந்துவிட்டது, அதைப் போடுவதற்கு வழியும் வேண்டும் அல்லவா?

நவம்பர் தேர்தலுக்கு முன் வாசிகசாலையில் ஒரு மாலைக் கூட்டம் வைத்தோம். வெளி மாவட்டத்தில் இரண்டாம் வருடம் படிக்கும் ஒரு தங்கச்சி சொன்னது இன்னும் மனதில் நிற்கிறது. "அண்ணா, மாணவர் சங்கத் தேர்தல் என்றால் சீனியர்மார் பெயரைச் சொல்லுவினம், நாங்கள் கை உயர்த்துவம். உயர்த்தாவிட்டால் யார் என்று பார்த்து வைப்பினம்." சீனியர்மார் புதிய மாணவரை வதைக்கும் பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998இலேயே வந்தது. ஆனால் கை உயர்த்தும் வாக்கில் அந்தப் பயம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. மாணவர் சங்கங்களுக்கு முதலில் வேண்டியது இரகசிய வாக்கு என்பதே என் உறுதியான எண்ணம்.

பெற்றோர் பலர் "அரசியல் வேண்டாம், படிப்பை மட்டும் பார்" என்றார்கள். அந்தப் பயத்தை லேசாகப் பேச முடியாது. 2006 ஜனவரி 2 அன்று நம் திருகோணமலைக் கடற்கரையில், காந்தி சிலையடியில் கூடியிருந்த ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். இந்த ஜனவரியிலும் விளக்கேற்றினோம், பெற்றோரும் வந்தார்கள்.

அப்புறம், பெப்ரவரியில் உயர்தர மாணவர்கள் தங்கள் இளைஞர் குழுவை இரகசிய வாக்கில் தெரிவு செய்தார்கள். பிஸ்கட் பேணிதான் வாக்குப்பெட்டி. மூன்று வாக்கில் தோற்ற தம்பி மறுபடி எண்ணச் சொன்னான். எல்லார் முன்னாலும் எண்ணினோம், முடிவு மாறவில்லை. அவன் இப்போது குழுவின் நூலகப் பொறுப்பாளர்.

மாணவருக்குத் தபால் வாக்கு கேட்டுத் தேர்தல் ஆணைக்குழுவுக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். வரைவு மேசையில் இருக்கிறது. சபை ஏற்றுக்கொண்டால் இன்றே கையொப்பம் வாங்கி நாளைக்குத் தபாலில் சேர்ப்பேன்.

செயலாளர்
திருகோணமலை