பழக்கம் இல்லாதவர்களா நாங்கள்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு மலரில் லண்டன் தெருக் கலைஞர்களைப் பற்றி வந்த கட்டுரையை ரசித்துத்தான் படித்தேன், "வீதியில் நின்று கலையைப் பார்க்கும் பழக்கம் எம்மவரிடம் இல்லை" என்ற வரி வரும் வரை. எழுதியவர் மட்டக்களப்பு ஊறணிச் சந்தியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததில்லை போலும்.

லண்டனில் மகளிடம் போயிருந்தபோது தெருக் கலைஞர்கள் கூடும் கொவென்ட் கார்டன் சதுக்கத்தை நானும் பார்த்தேன். 1662இல் அங்கே பொம்மலாட்டம் நடந்ததைத் தேவாலயச் சுவரில் பொறித்தே வைத்திருக்கிறார்கள். சுரங்க ரயில் நிலையங்களில் வாசிப்பவர்களுக்கு 2003 முதல் அனுமதிப் பத்திரம், நிற்பதற்குத் தரையில் அரைவட்டம். வயலின் வாசித்த ஒரு பிள்ளைக்கு நானும் காசு போட்டேன். நல்ல விசயம், குறை சொல்ல வரவில்லை.

ஆனால் வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தைச் சுற்றிப் பாய் போட்டு, விடிய விடிய வடமோடிக் கூத்து பார்த்து வளர்ந்தவன் நான். கரப்புடுப்பு என்ற விரிந்த கூத்துடையோடு அரசன் வரவு ஆட்டம் ஆடிச் சுழன்றால், முன்னுக்கு இருக்கிற பிள்ளைகள் பாயை இழுத்துக்கொண்டு பின்னால் நகருவோம். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளம் நெஞ்சுக்குள் இடிக்கும். அரங்கேறிய கூத்து பிறகு வீடு வீடாக வந்து முற்றத்தில் ஆடும். அம்மம்மா சுளகில் நெல்லும் அதன்மேல் காசும் வைத்துக் கொடுப்பா. ஏறாவூர்ப் பக்கமிருந்து றபான் என்ற தோல்வாத்தியம் தட்டிப் பாடிவரும் முஸ்லிம் பக்கீர்களான பாவாமாருக்கும் அதே சுளகுதான். இதற்குப் பெயர் என்னவாம்?

யுத்த காலத்தில் இரவில் படலையைத் திறக்கவே பயந்தோம், அது வேறு கதை. இப்போது என்ன வந்தது? கலாசார விழாவாம். குளிரூட்டிய மண்டபம், பொன்னாடை, அதிதிகள் ஏழெட்டுப் பேரின் உரை. மருமகன் பின்னேரமே சலங்கை கட்டி, முகத்துப் பூச்சு வியர்வையில் வழிய வழிய நிற்கிறான். கடைசியில், "பதினைந்து நிமிசத்தில் முடிக்கவும்" என்று அண்ணாவியாருக்கு ஒரு துண்டுக் கடதாசி வருகிறது! பேராசிரியர் சு. வித்தியானந்தனும் 1960களில் கூத்தைச் சுருக்கி மேடையேற்றினார்தான். அவர் அண்ணாவிமாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தார், துண்டு அனுப்பவில்லை.

உங்கள் பத்திரிகையும் லேசுப்பட்டதல்ல. கொழும்பு ரயிலில் பாடிவந்த கண் தெரியாத மனிதரை இடைவழியில், வெலிக்கந்தையில் இறக்கிவிட்டபோது, "யாசகர் தொல்லை நீங்கியது" என்று செய்தி போட்டீர்கள். அதே பெட்டியில் இருந்தவன் நான். அந்தாள் பாடத் தொடங்கினால் அழுகிற குழந்தையும் வாயை மூடும். லண்டன் ரயில் நிலையத்தில் பாடினால் கலைஞர், வெலிக்கந்தையில் பாடினால் தொல்லை. அதைப்பற்றி அப்போதே எழுதினேன். இடப்பற்றாக்குறை என்று நினைத்துக்கொள்கிறேன், பிரசுரமாகவில்லை.

இதையும் போடுவீர்களோ தெரியாது. போடாவிட்டாலும் பரவாயில்லை, ஒன்று செய்யுங்கள். எந்த ஊரில் எப்போது கூத்து அரங்கேறுகிறது என்பதை ஒரு வாரம் முன்பே ஏதாவதொரு மூலையில் இரண்டு வரி போடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு அதிதிகள் குத்துவிளக்கேற்றும் படத்தைப் பார்த்து நாங்கள் என்ன செய்வது?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபாலதிபர்,
வந்தாறுமூலை.