கூண்டில் ஏறிய கொலைகாரன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ் தொடர்கதையில், அரசு வக்கீல் எழுந்து கொலைகாரனைக் கூண்டில் ஏற்றி ஒரே கேள்வியில் மடக்கினார் என்று வந்திருக்கிறது. தக்கலையில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தே தலை நரைத்தவன் நான், அப்படியொரு பி.பி.யை (அரசு வக்கீலை அப்படித்தான் சொல்வோம்) பார்த்ததில்லை. எதிரி, அதாவது குற்றம்சாட்டப்பட்டவன், தானாக எழுதிக் கேட்டாலொழிய அவனைச் சாட்சியாக விசாரிக்க முடியாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அரசு சாட்சிகள் முடிந்ததும் நீதிபதிதான் அவனிடம் கேட்பார், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து '313 கேள்வி' என்போம், புதுச் சட்டத்தில் அது 351. அதற்கும் அவன் 'பொய் வழக்கு' என்று சொல்லிவிட்டு நிற்கலாம்.

சரி, கதைதானே என்று விட்டிருப்பேன். அதற்கு முந்தின அத்தியாயத்தில் அவன் இன்ஸ்பெக்டரிடம் எல்லாக் கொலையையும் ஒப்புக்கொள்கிறானாம், அதைக் கோர்ட்டில் வாசித்ததும் எல்லாரும் உறைந்துபோகிறார்களாம். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது. அதில் அவன் சொல்லி ஏதாவது பொருள் கிடைத்திருந்தால் அந்த அளவுக்குத்தான் எடுபடும். நொய்டா பக்கம் நிதாரியில் குழந்தைகள் கொல்லப்பட்ட வழக்குகளில் தூக்குத் தண்டனை பெற்றவரை 2023இல் அலகாபாத் ஐகோர்ட் விடுதலை செய்ததே, வாக்குமூலம் வாங்கிய விதமும் எலும்புகளை எடுத்த விதமும் நிற்காததால்தானே?

நான் பார்த்த பி.பி.க்கள் கொலைகாரனோடு மோதியதில்லை, வழக்குக் காகிதக் கட்டோடுதான் மோதினார்கள். ஒரு செஷன்ஸ் வழக்கில், பொருளைக் கைப்பற்றியபோது போலீஸ் எழுதிய மகஜரில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்ட ரப்பர் வெட்டுத் தொழிலாளிதான் முக்கிய சாட்சி. வெட்டுகத்தியை எடுத்துக் காட்டுகிறார்கள், பிடியில் நூல் சுற்றி அட்டை கட்டியிருக்கிறது, அட்டையில் மை பாதி அழிந்துவிட்டது. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுமாதிரி கத்தி எங்க பக்கம் எல்லாருட்டயும் உண்டு சார்" என்றார். தீர்ந்தது. பி.பி. தன் சாட்சியையே பிறழ்சாட்சி, அதாவது பல்டி அடித்த சாட்சி, என்று அறிவித்துக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்டார். வாய்தா வாய்தாவாக வந்து வேலையையும் கூலியையும் விட்ட அந்த மனுஷனுக்குச் சாட்சிப் படிகூட அன்று கைக்கு வரவில்லை. இதில் இல்லாத திரில்லரா உங்கள் தந்திரக்காரக் கொலைகாரனிடம் இருக்கிறது?

அப்புறம், பிணம் போட இடம் வேண்டுமென்றால் எல்லா எழுத்தாளர்களுக்கும் குலசேகரம் ரப்பர் தோட்டம்தான் ஞாபகம் வருமோ? அந்தக் கொலைகாரன் அரை மலையாளம் வேறு பேசுகிறான். குமரி மாவட்டத்துக்காரர்கள் நாங்கள் 1956 நவம்பர் 1ஆம் தேதியே தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், அதற்காக இங்கே துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் உண்டு. உங்கள் அலுவலகத்துக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. மலைப்பக்கம் அணை இருக்கிற பேச்சிப்பாறையைக் கடற்கரையாக்கிய சிறுகதை பற்றி முன்பே எழுதியிருந்தேன், பிரசுரிக்கவில்லை. பெரியவர்கள், வேலை இருக்கும்.

தொடரை எழுதுபவர் நாகர்கோவில் வந்தால் ஜில்லா கோர்ட்டில் ஒரு நாள் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கட்டும், யாரும் தடுக்க மாட்டார்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான். மூன்றாம் அத்தியாயம் வந்த இதழ் எங்கள் ஊர்க் கடைக்கு வரவே இல்லை. ஒரு பிரதி அனுப்பிவைத்தால் தபால் செலவோடு பணத்தைக் கட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா, தக்கலை